திறக்க முடிகிற வண்டி

ஓசூர் வண்டி செய்கிற ஊர். 1980இல் டி.வி.எஸ். 50 மொபெட் இங்கிருந்துதான் வெளியே வந்தது. இரண்டு பேர் உட்கார்ந்து போகத்தக்க இந்தியாவின் முதல் மொபெட் என்று அதைச் சொல்வார்கள். அதே ஆண்டில் அசோக் லேலண்டும் இங்கே ஆலை திறந்தது. பிறகு சிப்காட் தொழிற்பேட்டை வளர்ந்தது. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் தெருத்தெருவாகப் பெருகின. இன்று ஏத்தர் மின் ஸ்கூட்டர் இங்கே தயாராகிறது. கிருஷ்ணகிரியைத் தாண்டிப் போச்சம்பள்ளிப் பக்கம் போனால் ஓலாவின் ஆலை நிற்கிறது. தேசிய நெடுஞ்சாலை 44இல் நின்று பார்த்தால், புது வண்டிகளை அடுக்கிக்கொண்டு போகும் கண்டெய்னர் லாரிகள் எந்த நேரமும் கண்ணில் படும்.

இந்த ஆலைகளில் வேலை செய்கிறவர்களின் வீட்டு வாசலில் நிற்கிற வண்டிகள் வேறு. நிறம் வெளுத்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். சூப்பர் மொபெட், சீட்டுக்கு மேல் சாக்கு கட்டிய சுசுகி மேக்ஸ் 100, கர்நாடகப் பதிவெண் மாறாத மாருதி 800, கதவு கயிற்றால் கட்டப்பட்ட ஆம்னி வேன். இவற்றில் பல, ஓட்டுகிற பையனைவிட வயதில் மூத்தவை. விடிகாலையில் தளியிலிருந்தும் பாகலூரிலிருந்தும் பால் கேன்களோடு வருகின்றன. சூளகிரிப் பக்கத்துக் கொத்தமல்லிக் கட்டுகளையும் ராயக்கோட்டைத் தக்காளிக் கூடைகளையும் மண்டிக்குக் கொண்டு சேர்க்கின்றன. மூன்று ஷிஃப்டுக்கும் ஆட்களை ஆலை வாசலில் இறக்கிவிடுகின்றன. இவற்றை ஓட வைத்துக்கொண்டிருப்பவை ஷோரூம்களும் இல்லை, சர்வீஸ் சென்டர்களும் இல்லை. வீடுகள்தான். வாரவிடுமுறை நாளில் வாசலில் விரித்த பழைய சாக்கும், ஒரு ஸ்பேனர் செட்டும், பக்கத்து வீட்டு அண்ணனின் அனுபவமும்தான் இவற்றின் சர்வீஸ் சென்டர்.

இந்தத் தொழில் வட்டாரத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலீடு எத்தனை கோடி, வேலைவாய்ப்பு எத்தனை ஆயிரம் என்று எழுதுவார்கள். அது வேண்டியதுதான். ஆனால் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இந்த மண்ணில் சேர்ந்திருக்கிற இன்னொரு செல்வத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு இயந்திரத்தைத் திறந்து, என்ன கெட்டிருக்கிறது என்று கண்டுபிடித்து, மறுபடி மூடி ஓட வைக்கத் தெரிந்த ஆயிரக்கணக்கான கைகள் இங்கே இருக்கின்றன. அந்த அறிவைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அதற்கு இனி என்ன ஆகப்போகிறது என்பது என் கவலை.

அந்த அறிவு எப்படி வேலை செய்கிறது என்பதைக் கிட்டே இருந்து பார்த்தால்தான் புரியும். எங்கள் தெருவில் ஆலையில் ஓய்வுபெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், ஒப்பந்தத் தொழிலாளியாக வேலை பார்க்கும் பையன் ஒருவன் எக்ஸ்.எல். சூப்பரைத் தள்ளிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தான்.

“அண்ணா, நேத்து ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வர்றப்ப ஜூஜூவாடிகிட்ட நின்னுடுச்சுண்ணா. அங்கிருந்து தள்ளிக்கிட்டே வந்தேன்.”

“பிளக்கைக் கழட்டிப் பாத்தியா?”

“இல்லண்ணா. கிக்கர் அடிச்சு அடிச்சுக் கால் வலிதான் மிச்சம்.”

“மொதல்ல அதைக் கழட்டு. அப்புறம் பேசலாம்.”

பையன் கழற்றிக் கொடுத்தான். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முனை உலர்ந்து, வெளுத்து இருந்தது. பிளக்கை வயரில் மாட்டி இன்ஜின் உடம்பில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு கிக்கரை மிதிக்கச் சொன்னார். நீலப்பொறி பளிச்சென்று வந்தது. “கரண்ட் இருக்கு. ஆனா பிளக் நனையலை. பெட்ரோல் வந்து சேரலை” என்றார். அந்த ஒரு நிமிடத்தில் வண்டியின் பாதிப் பாகங்கள் சந்தேகப் பட்டியலிலிருந்து நீங்கிவிட்டன. டேங்க்கிலிருந்து வரும் டியூபைக் கழற்றினால் பெட்ரோல் தாராளமாக ஓடியது. ஆகவே குறை கார்பரேட்டரில்தான். அடியில் இருக்கும் கிண்ணத்தைக் கழற்றியபோது, பெட்ரோலுக்குக் கீழே சில சொட்டுத் தண்ணீரும் துருப்பொடியும் தனியாகத் தேங்கி நின்றன. மெயின் ஜெட் அடைத்திருந்தது.

பையன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து நீட்டினான். அவர் வாங்கவில்லை. பித்தளை ஜெட்டின் துளைக்கு அளவு உண்டு, இரும்பு ஊசியால் குத்தினால் அந்தத் துளை பெரிதாகும், பிறகு வண்டி பெட்ரோல் குடிக்கும் என்று விளக்கினார். பழைய வயரிலிருந்து மெல்லிய செம்பு இழை ஒன்றைப் பிரித்தெடுத்து அதை மட்டும் நுழைத்து எடுத்தார். பெட்ரோலில் கழுவி, சைக்கிள் பம்ப்பால் காற்றடித்தார். ஜெட்டை வானத்தை நோக்கிப் பிடித்து, “பாரு, வட்டமா வெளிச்சம் தெரியுதா?” என்று பையனிடம் கொடுத்தார். பையன் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு அவனையே மாட்டச் சொன்னார். நீடில் கிளிப் எந்தக் காடியில் இருந்ததோ அதே காடியில் இருக்க வேண்டும், ஸ்க்ரூவைக் கையால் சுழற்றிய பிறகுதான் டிரைவர் வைக்க வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல, அவன் செய்தான். வண்டி கிளம்பியது.

இதில் நான் முக்கியமாக நினைப்பது அந்த வரிசையை. பொறி, பெட்ரோல், கம்ப்ரஷன் என்று மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்து, ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டே போய்க் குறை இருக்கும் இடத்தைத் தொடுவது. விஞ்ஞானப் பாடத்தில் சொல்லித் தருகிற முறையும் இதுதான். பத்தாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒரு பையன் அதை ஒரு காலையில் வாசலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டான். அடுத்த முறை வண்டி நின்றால் ஜூஜூவாடியிலேயே பிளக்கைக் கழற்றுவான். அவனுடைய தம்பி அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான்.

இதே பையன் ஆலைக்குள் என்ன செய்கிறான்? அசெம்பிளி லைனில் வண்டி அவன் முன்னால் வந்து நிற்கும். மேலிருந்து தொங்கும் டார்க் கன்னை இழுத்துக் குறிப்பிட்ட சில போல்ட்டுகளை முடுக்குவான். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பதை அந்தக் கருவியே தீர்மானித்து நின்றுவிடும். சில நொடிகளில் வண்டி அடுத்தவரிடம் போய்விடும். ஷிஃப்ட் முழுக்க அதே போல்ட், அதே இடம். அந்த வேலைக்கு நேர்த்தி வேண்டும், கவனம் வேண்டும். குறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அங்கே ஒரு மனிதனுக்கு இயந்திரத்தின் ஒரு மூலைதான் சொந்தம். முழு இயந்திரமும் அவனுக்குப் புலப்படுவது வீட்டு வாசலில்தான். ஆயிரம் இன்ஜின்களுக்கு ஹெட் போல்ட் முடுக்கியவன், தன் வண்டியின் ஹெட்டைக் கழற்றும்போதுதான் அந்த போல்ட் எதைப் பிடித்துக்கொண்டிருந்தது என்று பார்க்கிறான். உற்பத்தி செய்கிற இடம் அறிவைத் துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுக்கிறது. பழுது பார்க்கிற இடத்தில் அந்தத் துண்டுகள் ஒன்றுசேர்கின்றன.

இந்த ஊரின் அமைப்பும் அதற்குத் துணை நிற்கிறது. வேறு சிற்றூரில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால் வண்டி மாதக்கணக்கில் கிடக்கும். இங்கே சிலிண்டரை ஒரு பையில் போட்டுக்கொண்டு லேத் பட்டறைக்குப் போனால், தேய்மானத்தை அளந்து பார்த்து, கால் மில்லிமீட்டரோ அரை மில்லிமீட்டரோ போர் பண்ணிக் கொடுப்பார்கள். அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டனும் ரிங்கும் கடையில் கிடைக்கும். பகலில் பெரிய ஆலைக்கு ஜாப் ஒர்க் ஓடுகிற அதே லேத்தில், மாலையில் யாரோ ஒரு பால்காரரின் சிலிண்டர் ஏறும். மைக்ரான் கணக்கில் அளக்கப் பழகிய கை அந்தச் சிலிண்டரையும் அதே அக்கறையோடு அளக்கும். இந்தப் பக்கம் வேலைத் தரம் இவ்வளவு உயர்ந்திருப்பதற்குக் காரணம் இதுதான். ஆலை கற்றுக்கொடுத்த துல்லியத்தைத் தொழிலாளி வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுகிறான்.

குளிரையும் சொல்ல வேண்டும். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தளியும் தேன்கனிக்கோட்டையும் மார்கழியில் விறைத்துப்போகிற ஊர்கள். பனியில் நனைந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியை நான்கு மணிக்குக் கிளப்ப வேண்டிய பால்காரருக்கு, சோக்கை எவ்வளவு இழுப்பது, எப்போது விடுவது, எத்தனை மிதியில் பிளக் நனைந்து கெட்டுப்போகும் என்பதெல்லாம் உடம்பில் ஊறிய கணக்கு. லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி 2டி ஆயில் என்பது பொது அளவு. வண்டி கெடக் கூடாதே என்ற பயத்தில் அதிகமாக ஊற்றுகிறவர்கள் உண்டு. அதிகமாக ஊற்றினால் நீலப்புகை, கரி அடைத்த சைலன்சர், இழுவை இல்லாத வண்டி. குறைத்து ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பது பழக்கத்தால் வருகிற அறிவு.

கார்களின் கதைக்கு மாநில எல்லையும் சேர்ந்துகொள்கிறது. ஜூஜூவாடியைக் கடந்தால் அத்திப்பள்ளி; அத்திப்பள்ளி கர்நாடகம். பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். அங்கே அடுக்குமாடி வீடுகளின் கீழ்த்தளத்தில் யாரும் எடுக்காமல் தூசி படிந்து நிற்கும் பழைய கார்கள் குறைந்த விலைக்கு வரும். ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் எந்த மாடலுக்கும் ஏதாவது ஒன்று கிடைக்கும். ஓசூர்க்காரர்களுக்கு இந்தச் சந்தை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தெலுங்கில் விலை பேசி, கன்னடத்தில் பாகம் கேட்டு, தமிழில் வேலையை முடிப்பது இங்கே தினப்படி வழக்கம்.

ஆனால் வாங்குவதோடு முடிவதில்லை. வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47ஆம் பிரிவு சொல்கிறது. அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே வரி கட்டி, டி.என். 70 என்று தொடங்கும் எண் வாங்குவதற்குள் அலைச்சல் அதிகம். ஆனாலும் பலர் செய்கிறார்கள். ஏனென்றால் மாருதி 800 இன்னும் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் கைக்குள் அடங்கும் கார். 1983 டிசம்பரில் முதல் வண்டி கைமாறியது. 2014இல் உற்பத்தி நின்றது. முப்பது ஆண்டுக் காலம் ஓடிய 796 சி.சி. மூன்று சிலிண்டர் இன்ஜின் என்பதால், அதைத் திறக்கத் தெரியாத மெக்கானிக்கும் இல்லை, அதற்குப் பாகம் வைக்காத கடையும் இல்லை.

அப்படி ஒரு காரை மீட்டெடுப்பதைக் குடும்பத்தோடு செய்கிறவர்கள் உண்டு. மிதியடியைத் தூக்கினால் தரைத்தகடு துருவேறி ஓட்டை விழுந்திருக்கும். அதை வெட்டியெடுத்துத் தகடு வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். ரேடியேட்டரில் சேறு. டெம்பரேச்சர் முள் ஏறினால் முதலில் தெர்மோஸ்டாட், பிறகு ஃபேன், பிறகு தண்ணீர்ப் பம்ப் என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். இதையெல்லாம் விட்டுவிட்டு ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போய்விடும். சம்பளம் வந்த வாரத்தில் ஒரு பாகம், போனஸ் வந்தால் பெயின்ட். மாதங்கள் கழித்து அந்தக் கார் முதல்முறையாகக் கிளம்பி, வீட்டிலிருக்கும் பெரியவர்களை ஏற்றிக்கொண்டு சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போகும்போது அந்தக் குடும்பத்துக்கு வருகிற நிமிர்வை நான் பார்த்திருக்கிறேன். தவணை கட்டி வாங்கிய கார் அந்த நிமிர்வைத் தருமா என்று எனக்குச் சந்தேகம்.

ஆசைக்காக மீட்பவர்களும் இருக்கிறார்கள். 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100ஐத் தேடிப்பிடித்துப் பாகம் பாகமாகச் சேர்க்கிற இளைஞர்கள் ஓசூரில் நிறைய. நன்றாக மீட்கப்பட்ட ஒன்றுக்குப் புது பைக்கின் விலையையும் தாண்டிக் கேட்கிறார்கள். தேவைக்காகப் பழுது பார்ப்பதும் ஆசைக்காகப் பழுது பார்ப்பதும் வேறு வேறு உலகம் என்று தோன்றலாம். வாசலில் அவை கலந்துதான் இருக்கின்றன. ஆர்.எக்ஸ். 100இல் கை பழகிய பையன்தான் அம்மாவின் எக்ஸ்.எல்.லையும் பார்த்துக்கொள்கிறான்.

சட்டம் இவர்களை எப்படிப் பார்க்கிறது? சொந்தப் பயன்பாட்டு வண்டிக்குப் பதிவு பதினைந்து ஆண்டு. பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் அந்தப் புதுப்பிப்புக் கட்டணம் இருசக்கர வண்டிக்கு 300 ரூபாயிலிருந்து 1,000 ஆகவும், காருக்கு 600இலிருந்து 5,000 ஆகவும் உயர்ந்தது. 2025 ஆகஸ்டில் வந்த விதித்திருத்தம், இருபது ஆண்டு தாண்டியவற்றுக்கு அதை 2,000 ஆகவும் 10,000 ஆகவும் ஆக்கியது. இதற்கு மேல் பசுமை வரி, இன்ஷூரன்ஸ், புகைச் சான்று. பத்துப் பதினைந்தாயிரத்துக்கு வாங்கிய மொபெட்டுக்கு இது சின்னச் செலவு இல்லை. 2021இல் அறிவிக்கப்பட்ட வாகனக் கழிப்புக் கொள்கையின் நோக்கமும் இதுதான். பழையதை வைத்திருப்பதை விலை கூடியதாக்கினால் மக்கள் தாமாகவே விட்டுவிடுவார்கள் என்பது கணக்கு.

எனக்கு இதில் ஒரு வாதம் இருக்கிறது. வண்டியின் வயதைக் கேட்பதைவிட அதன் நிலையைக் கேட்பதே நியாயம். வருடந்தோறும் போர் பார்த்து, பிரேக் மாற்றி, புகை அளந்து வைத்திருக்கும் இருபத்திரண்டு வயது வண்டியும், கவனிப்பில்லாமல் கெட்டுப்போன எட்டு வயது வண்டியும் சாலையில் ஒன்றல்ல. ஆனால் கட்டணம் பழையதைத்தான் தண்டிக்கிறது. பராமரிப்புக்கு அங்கே மதிப்பெண் கிடையாது. பரிசோதனையைக் கடுமையாக்கட்டும், அதில் தேறிய வண்டிக்குக் கட்டணத்தைக் குறைக்கட்டும். அப்போது சட்டமே பராமரிப்பைக் கற்றுத்தரும்.

மறுபக்கத்தையும் மறைக்கக் கூடாது. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினின் அமைப்பிலேயே ஒரு குறை உண்டு. புதுக்கலவை உள்ளே வரும்போதே எரிந்த புகையும் வெளியே போவதால், பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். கூடவே ஆயில் புகை. சந்து வீடுகளில் வளரும் குழந்தைகளின் மூச்சில் அது சேர்கிறது. 2017இல் பி.எஸ். 4, 2020இல் பி.எஸ். 6 என்று புகை விதிகள் இறுகியதற்கு நியாயம் இருக்கிறது. டி.வி.எஸ். நிறுவனமே 2015இல் எக்ஸ்.எல். 100ஐ ஃபோர்-ஸ்ட்ரோக் இன்ஜினோடு கொண்டுவந்தது. அது நல்ல மாற்றம். பழைய டூ-ஸ்ட்ரோக் காலகாலத்துக்கும் ஓட வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஓடுகிற வரை ஒழுங்காக ஓடட்டும். அதன் இடத்துக்கு வருகிற வண்டியும் திறக்க முடிகிற வண்டியாக இருக்கட்டும் என்கிறேன்.

வீட்டுப் பழுதுக்கும் எல்லை உண்டு. பிரேக், ஸ்டீயரிங், பெட்ரோல் கசிவு இவற்றில் “சமாளிச்சுக்கலாம்” என்ற பேச்சுக்கே இடமில்லை. வண்டியின் உருவத்தையே மாற்றுவதும் தவறு. தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றிய வண்டியைப் பதிவு செய்ய முடியாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. மீட்பது வேறு, மாற்றுவது வேறு. நல்ல மெக்கானிக்குகள் இதை நீதிமன்றம் சொல்வதற்கு முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது புதிதாக ஒரு சோதனை வந்திருக்கிறது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் தொடங்கி இன்று நாடு முழுக்கப் பரவிவிட்டது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நாள்கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்க்கிலும் கார்பரேட்டர் கிண்ணத்திலும் தண்ணீர் சேரும். பழைய ரப்பர் டியூப்கள் ஊதும், விரிசல் விடும். அந்தப் பையனின் கிண்ணத்தில் நின்ற தண்ணீருக்கு மழையும் காரணமாக இருக்கலாம், இதுவும் காரணமாக இருக்கலாம். வீட்டில் செய்ய வேண்டியது சிக்கலானதில்லை. பழைய டியூபை எத்தனால் தாங்கும் டியூபாக மாற்றுவது. நீண்ட நாள் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிக் கார்பரேட்டரைக் காலி செய்துவிடுவது. இதைப் பெட்ரோல் பங்க்கில் தமிழில் ஒரு பலகையாக எழுதி வைத்திருக்கலாம். யாரும் எழுதி வைக்கவில்லை. வாசல்களில்தான் இந்தச் செய்தி பரவிக்கொண்டிருக்கிறது.

ஆனால் என் பெரிய கவலை மின்வண்டிகள். அவை வேண்டாம் என்பதற்கில்லை. புகையில்லை, சத்தமில்லை, ஓட்டுகிற செலவு குறைவு. டூ-ஸ்ட்ரோக்கின் இடத்தை எடுத்துக்கொள்ள அவற்றுக்கு எல்லாத் தகுதியும் உண்டு. அவை இந்த மண்ணிலேயே தயாராவதில் எனக்குப் பெருமையும் உண்டு. ஆனால் அவற்றின் உள்ளே இருப்பவை மூடி முத்திரையிட்ட பேட்டரி, அதைக் கண்காணிக்கும் எலக்ட்ரானிக் போர்டு, அதற்குள் ஒரு மென்பொருள். வண்டி நின்றால் திரையில் ஒரு குறியீடு வரும். அந்தக் குறியீட்டின் பொருள் நிறுவனத்தின் கணினிக்குத்தான் தெரியும். அசல் பாகமே வாங்கி மாட்டினாலும், மென்பொருள் அதை ஏற்றுக்கொள்ள மறுக்கலாம். பத்து ஆண்டு கழித்துப் பேட்டரி தளர்ந்த ஒரு மின் ஸ்கூட்டரை இந்தப் பையன் குறைந்த விலைக்கு வாங்கினால், அந்த ஃபிட்டர் அண்ணன் எதைக் கழற்றச் சொல்வார்? எந்தப் பாகத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்?

பேட்டரியைத் தெரியாமல் திறந்தால் தீப்பிடிக்கும் என்பது உண்மை. அதைக் காரணம் காட்டி எல்லாவற்றையும் பூட்டிவைப்பது சரியாகாது. கேஸ் சிலிண்டரும் ஆபத்தானதுதான். அதைக் கையாள ஒவ்வொரு வீட்டுக்கும் கற்றுக்கொடுத்தோம். பேட்டரியிலும் எதை வீட்டில் தொடலாம், எதைப் பயிற்சி பெற்றவர் மட்டும் தொடலாம் என்று பிரித்துச் சொல்லிக்கொடுக்க முடியும். 2022 ஜூலையில் ஒன்றிய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை, பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், கைபேசி, வீட்டு உபயோகப் பொருள்கள் ஆகியவற்றோடு மோட்டார் வாகனங்களையும் அது எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கப்பட்டது. ஆனால் இணையதளம் சட்டமாகிவிடாது. உதிரிபாகமும், பழுதுபார்ப்புக் கையேடும், குறியீட்டுப் பட்டியலும், சோதனைக் கருவியும் வெளிச்சந்தையில் கிடைத்தாக வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் வர வேண்டும்.

இதில் பெண்களைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது. போச்சம்பள்ளி ஓலா ஆலையில் வண்டி அசெம்பிள் செய்கிறவர்களில் மிகப் பலர் பெண்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸில் கைபேசிப் பாகம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். கிராமங்களில் பால் கேனோடு எக்ஸ்.எல். ஓட்டுகிறவர்களிலும் பெண்கள் ஏராளம். ஆனால் வாசலில் சாக்கு விரித்து ஸ்பேனர் எடுத்து உட்கார்கிற இடம் இன்னும் ஆண்களுடையதாகவே இருக்கிறது. ஆலையில் முழு நாளும் வண்டி அசெம்பிள் செய்கிற பெண், வீட்டில் வண்டி நின்றால் தம்பி வரட்டும் என்று காத்திருக்கிறாள். அவளுக்குத் தெரியாதது என்று அங்கே ஒன்றும் இல்லை. யாரும் அவளை உட்காரச் சொன்னதில்லை, அவ்வளவுதான். மின்வண்டியின் பழுதைக் கற்றுக்கொள்ள இந்த வட்டாரத்தில் மிகத் தயாராக இருப்பவர்கள் இந்தப் பெண்கள்தான். நாளைய பழுதுபார்ப்பு அறிவு அவர்கள் வழியாகத்தான் வளரும் என்று நம்புகிறேன். அதற்கு இடம் கொடுக்க வேண்டியது நாம்.

எது நம்முடைய வண்டி என்ற கேள்விக்கு ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் பெயர் பாதிப் பதில்தான். நின்றுபோனால் நாமோ நம் தெருவில் ஒருவரோ திறந்து பார்க்க முடிந்தால்தான் அது முழுக்க நம்முடையது. திறக்க முடியாத வண்டியை நாம் வாடகைக்குத்தான் ஓட்டுகிறோம், விலை முழுவதையும் கொடுத்திருந்தாலும்.

ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வண்டி செய்யும் நிறுவனங்களிடம் என் வேண்டுகோள் இது. இந்த மண்ணும் இந்தக் கைகளும் உங்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துக் கொடுத்திருக்கின்றன. நீங்கள் செய்யும் ஒவ்வொரு வண்டிக்கும் பழுதுபார்ப்புக் கையேட்டைத் தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் வெளியிடுங்கள். உற்பத்தி நின்ற மாடலுக்கும் நெடுங்காலம் பாகம் கொடுங்கள். அரசு, இங்குள்ள ஐ.டி.ஐ.க்களில் மின்வண்டிப் பழுதுபார்ப்பை மாலை வகுப்பாக வைக்கட்டும். ஷிஃப்ட் முடித்து வரும் ஆண்களும் பெண்களும் சேரட்டும். வாசகர்களுக்கும் ஒன்று சொல்வேன். அடுத்த வாரவிடுமுறையில் உங்கள் வண்டியின் பிளக்கை நீங்களே கழற்றிப் பாருங்கள். பக்கத்தில் மகனை மட்டும் இல்லை, மகளையும் உட்கார வையுங்கள்.